காய்ச்சலில் எடுத்த அளவு

நாங்கள் எல்லோரும் அவரை ரிட்டர்ன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெண்களுக்கான சட்டை, கவுன், பேன்ட் எல்லாம் ஆன்லைனில் விற்கும் நிறுவனம் அது. மூன்று மாடிக் கட்டடம். மேல் மாடியில் என் ஸ்டுடியோ. உடைகளைப் போட்டோ எடுப்பது என் வேலை. நடு மாடியில் வெட்டுவதும் தைப்பதும். கீழே, லாரி வந்து நிற்கும் வாசலை ஒட்டி, ஜன்னல் இல்லாத ஓர் அறை. வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பும் உடைகள் எல்லாம் அந்த அறையில்தான் வந்து விழும். ஒரு நீள மேஜை, ஒரு டியூப் லைட், ஒரு இஸ்திரிப் பெட்டி, அப்புறம் ரிட்டர்ன் அக்கா.

பையைப் பிரிக்க வேண்டும். கறை இருக்கிறதா, வியர்வை வாடை அடிக்கிறதா, விலைச்சீட்டு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் இஸ்திரி போட்டு மறுபடி விற்பனைக்கு, இல்லாவிட்டால் ஓரத்தில் இருக்கும் கூடைக்கு. இதற்கு மேல் அந்த வேலையில் எதுவும் இல்லை. அவருக்கு முன்னால் அந்த அறையில் இருந்த இரண்டு பேரும் ஆறு மாதத்துக்குள் சலித்துப்போய் ஓடிவிட்டார்கள். இந்தக் கதை நடந்தபோது இவர் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

காரணம் எளிது. அவருக்கு எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கத் தோன்றும். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் அவர் கணவரிடம் ஒரு முறை கேட்டேன், வீட்டிலும் இப்படித்தானா என்று. "கல்யாணம் ஆன மறுநாளே, லிஃப்டுக்குள்ள ஏன் கண்ணாடி வைக்கறாங்கன்னு கேட்டா. எனக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் தெரியல. அவளும் விடல," என்றார்.

திருப்பி அனுப்பும் பையில் ஒரு சீட்டு இருக்கும். சைஸ் சரியில்லை, நிறம் வேறு, துணி பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று நாலு கட்டம். எதையாவது டிக் அடித்தால் போதும். கீழே இரண்டு வரி காலியாக விட்டிருப்பார்கள். அதில் யாரும் எழுத வேண்டியதில்லை, ஆனாலும் சிலர் எழுதுவார்கள். எழுதியதைப் படிக்க வேண்டும் என்று ரிட்டர்ன் அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் படித்தார்.

ஒரு நாள் டீ நேரத்தில் என்னிடம் சொன்னார்.

"ஒரு விஷயம் கவனிச்சேன். பட்டன் இல்லன்னா திட்டி எழுதறாங்க. தையல் விட்டிருந்தா சண்டைக்கு வர்றாங்க. சட்டை உடம்புக்குச் சேரலன்னா மட்டும் மன்னிப்பு கேக்கறாங்க. ஏன்?"

எனக்குப் புரியவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே நூறு சீட்டாவது இருக்கும். 'மன்னிக்கவும், நான்தான் குண்டாகிவிட்டேன் போலிருக்கிறது.' 'சட்டை அழகாக இருக்கிறது, என் கைதான் தடிமன்.' 'பிரசவத்துக்கு அப்புறம் இப்படி ஆகிவிட்டது, மன்னிக்கவும், இளைத்ததும் மறுபடி வாங்குகிறேன்.' முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்துக்கு, அதுவும் ஒரு சட்டைக்காக, தங்கள் உடம்பைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்கள்.

படித்துவிட்டு டப்பாவை மூடிக் கொடுத்தேன். மாடலுக்குப் பெரிய சைஸ் சட்டையைப் போட்டு, முதுகுப் பக்கம் ஏழெட்டு கிளிப் போட்டு இறுக்கி, முன்னால் கச்சிதமாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுப்பவள் நான்தானே.

அதற்குப் பத்து நாள் கழித்து, மத்தியானம், என் போனுக்கு அவரிடமிருந்து அழைப்பு. "கீழ வா. தனியா வா. கதவைத் தட்டு, திறக்கறேன்."

போனேன். கதவு ஒரு கை அளவு திறந்தது. உள்ளே ரிட்டர்ன் அக்கா நீல நிறச் சட்டை ஒன்றில் பாதி நுழைந்து நின்றார். வலது கை மேலே தூக்கியபடி இருந்தது. கீழே வர மறுத்தது.

"மாட்டிக்கிச்சு. சிரிக்காம இழு," என்றார்.

சிரிக்காமல் இழுக்க என்னால் முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். சிரித்ததில் சட்டை இன்னும் இறுகியது. ஒரு வழியாக அவரை வெளியே எடுத்தபோது இருவருக்கும் வியர்த்துவிட்டது.

அவர் பருமனானவர். அதை அவர் மறைத்ததும் இல்லை, அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. எட்டு வருடத்தில் எங்கள் நிறுவனத்துச் சட்டை ஒன்றைக்கூட அவர் போட்டு நான் பார்த்ததில்லை. தெருமுனைத் தையல்காரியிடம் தைத்துக்கொள்வார்.

"இது என் சைஸ்தான்," என்றார், மூச்சு வாங்கியபடி. "இருக்கறதுலயே பெருசு. இடுப்புல பாரு, இன்னொரு ஆள் நுழையலாம். கழுத்து தோளை விட்டு நழுவுது. ஆனா கை மட்டும் போகல. நானும் ஒரு வருஷமா பார்க்கறேன், பெரிய சைஸ் திரும்பி வந்தா அக்குள் கிட்டதான் நூல் விட்டிருக்கும். எல்லாருக்கும் ஒரே இடத்துல. அது எப்படி, ஊர்ல இருக்கற அத்தனை பேர் கையும் தப்பா?"

மறுநாள் அவர் நடு மாடிக்குப் போனார். துணி வெட்டுவதற்கான பேட்டர்னை வரையும் மாஸ்டர் அங்கே இருந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். காதில் பென்சில். தன் வேலையில் யாரும் மூக்கை நுழைப்பது அவருக்குப் பிடிக்காது. ரிட்டர்ன் அக்கா குறை சொல்லப் போகவில்லை. தெரிந்துகொள்ளத்தான் போனார். அதனால் மாஸ்டரும் பதில் சொன்னார்.

"மீடியம் சைஸ் ஒண்ணுதாம்மா நான் போடுவேன். அந்த டம்மி மேல போட்டுச் சரி பார்ப்பேன். மத்த சைஸ் எல்லாம் கம்ப்யூட்டர் பண்ணிடும். இத்தனை சென்டிமீட்டர் கூட்டுன்னா கூட்டிடும்."

"எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கூட்டுமா?"

"ஏறக்குறைய."

"அப்ப உடம்பு பெருத்தா கழுத்தும் அதே கணக்குல பெருக்கும்னு அதுக்கு யாரு சொன்னா? என் கழுத்து கல்யாணத்தப்ப இருந்த மாதிரிதான் இருக்கு. கைதான் ரெண்டு பங்கு ஆயிருக்கு."

மாஸ்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"பெரிய சைஸை யாராவது போட்டுப் பார்ப்பாங்களா மாஸ்டர்?"

"இல்லம்மா. யாரும் போட்டுப் பார்த்ததில்ல."

"ஒரு தடவை கூடவா?"

"இருபத்திரண்டு வருஷமா நான் இருக்கேன். பார்த்ததில்ல."

வேறு யாராக இருந்தாலும் அங்கே கோபப்பட்டிருப்பார்கள். ரிட்டர்ன் அக்கா டம்மியைச் சுற்றி வந்து பார்த்தார். மரக் கால் மேல் துணி சுற்றி நிறுத்திய பழைய பொம்மை உடம்பு. தோள்பட்டை கூர்மை. இடுப்பு ஒரு சாண் மாதிரி.

"இது யாரு மாஸ்டர்?"

"டம்மிம்மா."

"டம்மிதான். ஆனா யாரோ ஒருத்தர் அளவு வச்சுத்தான செஞ்சிருக்கணும்?"

மாஸ்டர் யோசித்தார். தான் வேலைக்கு வரும்போதே அது இருந்ததாகச் சொன்னார். முதலாளியும் அவருடைய அக்காவும் சேர்ந்து ஒரே அறையில் இந்தத் தொழிலைத் தொடங்கினார்களாம். அந்த அக்கா அளவுக்குச் செய்தது என்று எப்போதோ யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்த அக்கா இப்போது இங்கே வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ரிட்டர்ன் அக்கா முதலாளியின் அக்கா வீட்டுக்குப் போனார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா பார்க்கணும் போல இருக்கு. ஊரே ஒருத்தர் உடம்பைப் போட்டுக்கிட்டுத் திரியுது. அவங்க எப்படி இருப்பாங்கன்னு உனக்குத் தோணலையா?"

இரண்டாம் மாடி. மணி அடித்ததும் கதவைத் திறந்தவருக்கு அறுபது வயது இருக்கும். ரிட்டர்ன் அக்காவைவிட ஒரு சுற்றுப் பெரியவர். தொளதொளவென்று பருத்தி கவுன். கையில் பாதி உரித்த ஆரஞ்சு. முதலாளியின் அக்கா வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டேன். "நான்தான்," என்றார்.

உட்காரவைத்தார். ஆரஞ்சைப் பிரித்து எங்களுக்கும் கொடுத்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் சுளை வாயருகே நின்றுவிட்டது.

"அந்த டம்மியா? இன்னுமா அதை வச்சுத் தைக்கறான்?"

"ஆமாம்மா. எல்லா அளவும் அதுலேர்ந்துதான் வருது."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் நிறுத்தவே இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அது என் உடம்பே இல்ல. எனக்கு அப்ப இருபத்தி மூணு வயசு. டைஃபாய்டு வந்து மூணு வாரம் படுத்திருந்தேன். கஞ்சியைத் தவிர ஒண்ணும் இறங்கல. எழுந்து நடக்க ஆரம்பிச்ச வாரம், டம்மி செய்யறவர் வந்துட்டார். தம்பி என்னை நிக்கவச்சு அளவு எடுக்கச் சொன்னான். நிக்க முடியாம சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டு மாசத்துல பழைய உடம்பு வந்துடுச்சு. டம்மிக்கு வரல."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீங்க தம்பிகிட்ட சொல்லலையா?" என்று ரிட்டர்ன் அக்கா கேட்டார்.

அவர் ஆரஞ்சுத் தோலை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "சொல்லல. நாங்க தைச்ச சட்டை எனக்கே சேரல. எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். சட்டையைத் தைச்சது நான், அளவு என்னோடது. அப்படியும் சட்டை மேல சந்தேகமே வரல பாருங்க. கொஞ்ச நாள்ல ஆபீஸுக்குப் போறதையே குறைச்சுக்கிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்துட்டு அந்த டம்மியைப் பார்க்கற மாதிரி இருந்தது."

பிஸ்கட் டப்பாவை ரிட்டர்ன் அக்கா பையில் எடுத்து வந்திருந்தார். அதை அவர் மடியில் வைத்தார். முதலாளியின் அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். எங்களுக்கு டீ கொடுக்கவும் மறந்துவிட்டார். கிளம்பும்போது, "இதை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. முதல்ல நிஜ உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

அப்படித்தான் அளவெடுப்பது தொடங்கியது. சாப்பாட்டு நேரத்தில், ரிட்டர்ன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. பேக்கிங்கில் இருப்பவர்கள், இஸ்திரி போடுபவர்கள், கூட்டிப் பெருக்கும் அம்மா, கணக்குப் பிரிவில் இருந்த இரண்டு பேர், அவர்களுடைய நாத்தனார், ஒருவருடைய சித்தி. ஒரு மாதத்தில் அறுபத்தி நாலு பேர். நான் நோட்டில் எழுதினேன்.

அங்கேயும் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்ச் டேப் இடுப்பைச் சுற்றியதும் ஒருவர் விடாமல் எல்லோரும் மூச்சை இழுத்து வயிற்றை எக்கினார்கள். ஒல்லியாக இருந்தவர்களும்தான். அவர் டேப்பைப் பிடித்தபடியே வேறு பேச்சு எடுப்பார். பையன் என்ன படிக்கிறான், அந்தப் பல்வலி சரியாயிற்றா என்று. பதில் சொல்ல வாயைத் திறந்ததும் வயிறு தானாக வெளியே வரும். அப்போதுதான் எண்ணைப் படிப்பார்.

"சட்டை போட்டுக்கிட்டு மூச்சு விடுவீங்கல்ல? அந்த அளவுதான் எனக்கு வேணும்," என்பார்.

கடைசியில் அவருக்கு நான் அளவெடுத்தேன். அவரும் மூச்சை இழுத்தார். இழுத்தது தனக்கே தெரிந்ததும், "அட, எனக்குமா," என்று ஆச்சரியமாகச் சொன்னார்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போனபோது மாஸ்டரும் கூட வந்தார். அவராகவே வந்தார். முதலாளி கெட்டவர் இல்லை. வேலை அதிகம், பொறுமை குறைவு.

"பெரிய சைஸ் வாங்கறவங்க நம்மகிட்ட கம்மிம்மா," என்றார்.

"வாங்கறாங்க சார். வச்சுக்க முடியாம திருப்பி அனுப்பறாங்க. எனக்கு வர்ற பையில பாதி அதுதான்."

"அவங்க அளவு அவங்களுக்கே தெரியறதில்ல. அதுக்கு நாம என்ன பண்றது?"

ரிட்டர்ன் அக்கா எழுந்தார். கொண்டுவந்த நீலச் சட்டையை, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே போடத் தொடங்கினார். பாதியில் கை நின்றது. முதலாளிக்குச் சங்கடமாகிவிட்டது. மேஜை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"சார், இங்க பாருங்க. வெக்கப்படாதீங்க, நானே படல. என் கை எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க."

முதலாளி நிமிர்வதற்குள் மாஸ்டர் எழுந்துவிட்டார். சாக்குக்கட்டியை எடுத்து அக்குளுக்குக் கீழே ஒரு கோடு போட்டார், தோளில் ஒன்று. "கை நுழையற வெட்டு இங்க இறங்கணும். கழுத்து இங்கயே நிக்கணும். தோள் ஒரு விரல் உள்ள வரணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அறையில் மற்றவர்கள் இருப்பதே அவருக்கு மறந்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு முதலாளியைப் பார்த்து, "சார், இத்தனை வருஷமா தப்பு பண்ணியிருக்கேன்," என்றார்.

டம்மியின் கதையையும் ரிட்டர்ன் அக்கா சொன்னார். "சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னது எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார் முதலாளி. "சீக்கிரம் முடிங்கன்னு நான்தான் அவசரப்படுத்தினேன்." அன்று சாயங்காலம் அவர் தன் அக்கா வீட்டுக்குப் போனதாகப் பிறகு தெரிந்தது. அங்கே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

ஒரே ஒரு சட்டைக்கு அனுமதி கிடைத்தது. போட்டுப் பார்க்க ஆள் வேண்டும். ரிட்டர்ன் அக்காவே நின்றார்.

முதல் நாள், மூன்று பக்கக் கண்ணாடி முன்னால் அவர் நின்ற விதம் எனக்கு நினைவிருக்கிறது. கண்ணாடியில் சட்டையின் கைமுனையை மட்டும் பார்த்தார். கண் அதைத் தாண்டி வரவே இல்லை. மாஸ்டர் குண்டூசி குத்தக் குத்த அக்காவின் காது சிவந்துகொண்டே போனது. வெளியே வந்து, "நாளைக்கு வரணுமா?" என்று என்னிடம் கேட்டார். வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றேன். "இல்ல, கை சரியா வந்துச்சான்னு பார்க்கணுமே," என்றார்.

இரண்டாவது சட்டையில் கை சரியானது, மார்பு இழுத்தது. மூன்றாவதில் மாஸ்டர் பயந்துபோய் எல்லா இடத்திலும் தாராளமாக விட்டுவிட்டார். "இது சட்டையா கூடாரமா மாஸ்டர்? நான் பெரிய ஆளுதான், ஆனா இதுல குடும்பத்தோட தங்கலாம்," என்றார் அக்கா. மாஸ்டர் முதன்முறையாகச் சிரித்தார். ஐந்தாவது சட்டையின்போது பின்பக்கம் ஒரு மடிப்பு விழுந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா கழுத்தைத் திருப்பிப் பக்கவாட்டுக் கண்ணாடியில் தன் முதுகைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"என் முதுகு இப்படியா இருக்கு?" என்றார். "நாற்பத்தோரு வருஷமா கூடவே இருக்கு, பார்த்ததே இல்ல. இங்க ரெண்டு வளைவு இருக்கு பாருங்க மாஸ்டர். நீங்க ஒண்ணுதான் வச்சிருக்கீங்க. மடிப்பு அதனாலதான்."

அவர் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று நான் தேடினேன். இல்லை. லிஃப்டில் ஏன் கண்ணாடி வைக்கிறார்கள் என்று கேட்கும்போது எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஏழாவது சட்டை உடம்பில் சரியாக உட்கார்ந்தது. இரண்டு கையையும் தூக்கினார், இறக்கினார், கட்டிக்கொண்டார், குனிந்து தரையிலிருந்து குண்டூசி ஒன்றைப் பொறுக்கினார். சட்டை அவர் கூடவே வந்தது.

போட்டோவுக்கு வழக்கமான மாடலையே வைத்துக் கிளிப் போடச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அக்காவிடம் கேட்டபோது ஒரு நாள் டைம் கேட்டார். கணவரிடம் பேசிவிட்டு வந்தார். "என்ன சொன்னார்?" என்றேன். "'உன் மூஞ்சியைப் பார்த்துச் சட்டையைப் பார்க்க மறந்துடுவாங்களே'ன்னார். இருபது வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்க வேண்டிய வசனம்," என்றார். என் கேமரா முன்னால் நின்றார். அன்று கிளிப் டப்பாவை நான் திறக்கவில்லை.

எல்லாம் அமோகமாக விற்றுத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். சுமாராக விற்றது. திரும்பி வருவது பாதிக்கும் கீழே குறைந்தது. வந்த சிலவற்றிலும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவர் மணிக்கட்டில் தொளதொளக்கிறது என்று எழுதியிருந்தார், இன்னொருவர் பாக்கெட் வைக்கச் சொல்லித் திட்டியிருந்தார். அக்காவுக்கு அந்தத் திட்டு மிகவும் பிடித்துப்போய் எல்லோரிடமும் காட்டினார்.

போட்டோவுக்குக் கீழே ஓர் ஆள், 'இவங்களை எல்லாம் எதுக்குக் காட்டறீங்க' என்று எழுதினான். நான் அதை அழித்துவிடப் போனேன். அவர் அதற்குள் பார்த்துவிட்டார். மூன்று முறை படித்தார். முகம் கொஞ்சம் வாடியது, அதை மறுப்பதற்கில்லை. பிறகு கம்ப்யூட்டரில் தேடச் சொன்னார். "இவரு என்ன வாங்கினாரு?" எதுவுமே வாங்கவில்லை. "அப்ப எனக்கு வேலை இல்ல. வாங்கித் திருப்பி அனுப்பினா பிரிச்சுப் பார்க்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. இப்போது பதினோரு மாதிரிகள் புது அளவில் வருகின்றன. மற்றவை இன்னும் பழைய கணக்கில்தான். அடுத்த வருடம் என்கிறார் முதலாளி. அக்கா மாதா மாதம் நினைவூட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் மாஸ்டர் அறையில் நிற்கிறார், மற்ற நாள் ரிட்டர்ன் அறை. அந்த வேலையை விட்டுவிடச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டார்.

போன மழைக்காலத்தில் அவருக்கு முழங்கால் வலி வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். காலையில் கணவரோடு நடக்கப் போகிறார். ஆறு மாதத்தில் இடுப்பில் கொஞ்சம் குறைந்தது, தோளில் ஒன்றும் மாறவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, புதிய கவுனைப் போட்டு நின்றவரைச் சுற்றி மாஸ்டர் டேப்பைப் பிடித்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி டேப்பைப் பார்த்தார்.

"என்னம்மா இது, நீங்க மாறினா என் வேலை என்ன ஆகறது?" என்று முணுமுணுத்தார்.

"உடம்புன்னா மாறத்தான் செய்யும் மாஸ்டர். அடுத்த வருஷம் கூடினாலும் கூடும். இன்னைக்குத் தேதியைப் போட்டுக் குறிச்சுக்கங்க," என்றார் அக்கா. கவுனின் பக்கத் தையலைக் குனிந்து பார்த்தபடி, "இந்த இடத்துல ஏன் இழுக்குது?" என்று கேட்டார்.

மாஸ்டர் அருகே வந்து பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. இருவரும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்கள்.